பானுக்கடியில தங்குன அரை இஞ்ச் பாகு

மூணு வருசத்துக்கு முன்னாடி மார்ச் மாசம் ஒரு ராத்திரி, மணி ஒன்பது இருக்கும், கொட்டகைல விறகடுப்பு திகுதிகுன்னு எரியுது, அகலமான தட்டைப் பான்ல மேப்பிள் மரத்துச் சாறு சுண்டி பாகு பதத்துக்கு வந்துருச்சு, தெர்மாமீட்டர் 104 டிகிரி செல்சியஸ தொட்டு நிக்குது, நான் வால்வ திறக்கறேன், எவர்சில்வர் வாளில பொன்னிறமா சரசரன்னு விழுது. நாள் பூரா அடுப்பு முன்னாடி நின்னதுக்கு அந்த ஒரு நிமிசம் போதும்னு இருந்துச்சு. அப்புறம் தாரை நூலாச்சு, நூல் சொட்டாச்சு, சொட்டும் நின்னுபோச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சு எட்டிப் பாத்தா பானுக்குள்ள இன்னும் பாகு பளபளன்னு பரவி கிடக்கு, வால்வு வாய்க்கு கீழ அரை இஞ்ச் உயரத்துக்கு, கீழ தணல் அப்படியே இருக்கு, ரெண்டு நிமிசம் ஆகல, ஓரத்துல கருகுற வாசனை வந்துருச்சு.

அரை இஞ்ச்தானன்னு தோணும். என் பான் ரெண்டடிக்கு மூணடி, ஆறு சதுர அடி, அதுல அரை இஞ்ச் நின்னா ஏழு லிட்டர். மேப்பிள் மரத்துல வர்ற சாறுல சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான், 40 லிட்டருக்கு மேல காய்ச்சினாதான் ஒரு லிட்டர் பாகு தேறும். இங்க பழைய ஆளுங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, 86ஐ சாறோட சர்க்கரை அளவால வகுத்தா எத்தனை லிட்டர் சாறுக்கு ஒரு லிட்டர் பாகுன்னு வந்துரும், 2 சதவீதம்னா 43. அப்ப அந்த ஏழு லிட்டர்ங்கறது கிட்டத்தட்ட 300 லிட்டர் சாறு. வாளி வாளியா பனில கால் பொதைய பொதைய தூக்கிட்டு வந்த சாறு, ஒரு ஓட்டைய அரை இஞ்ச் மேல போட்டதால அடிபிடிச்சு போச்சு.

நாங்க இருக்கறது கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்தோட கிழக்குப் பக்கம், லானார்க் பகுதிக்கு பக்கத்துல. இந்தப் பக்கம் மேப்பிள் பாகுக்கு பேர் போன இடம். ஐரோப்பாக்காரங்க வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே அனிஷினாபே மாதிரியான பூர்வகுடி மக்கள் இந்த மரத்துல சாறெடுத்து காய்ச்சிருக்காங்க. பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரி உறையணும், பகல்ல பூஜ்யத்துக்கு மேல ஏறணும், அப்பதான் சாறு ஓடும். எங்க வீட்டுக்குப் பின்னாடி இருபது இருபத்தஞ்சு சுகர் மேப்பிள் நிக்குது. நான் பொறந்தது கோயம்புத்தூர் பக்கம், சின்ன வயசுல கரும்பாலைல கொப்பரைய சுத்தி நின்னு பாத்தவன், அதனால இங்க மொத தடவை பக்கத்து தோட்டத்து பெரியவர் கொட்டகைல ஆவி மேல எழும்புறத பாத்தப்பவே நானும் இத காய்ச்சணும்னு முடிவு பண்ணிட்டேன். காய்ச்சறது கஷ்டமில்ல. பானுக்கு என்ன பிட்டிங், அதாவது குழாய மாட்டற இணைப்பு, என்ன வால்வு போடறதுங்கறதுதான் என்னை மூணு சீசன் படுத்தி எடுத்துச்சு, அதைத்தான் எழுதறேன், ஏன்னா இத யாரும் எனக்கு மொதல்லயே சொல்லல.

மொதல்ல எனக்கு விளங்காத விசயம், இங்க அழுத்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வால்வு மேல 1000 டபிள்யூ.ஓ.ஜி.னு அச்சடிச்சிருக்கும், அதாவது தண்ணி, எண்ணெய், கேஸ் எதுக்கும் 1000 பி.எஸ்.ஐ., அதாவது சதுர இஞ்சுக்கு 1000 பவுண்டு அழுத்தம், தாங்கும்னு அர்த்தம். ஒரு அடி உயரத்துக்கு தண்ணி நின்னா அடில வர்ற அழுத்தம் அரை பி.எஸ்.ஐ. கூட இல்ல, நம்ம பான்ல நிக்கறது ரெண்டு இஞ்ச். அதனால 600 போட்டிருக்கா 1000 போட்டிருக்கான்னு கடைல நின்னு ஒப்பிட்டுப் பாக்கறது வீண். பாக்க வேண்டியது வேற: சூடு தாங்குமா, சாப்பிடற பொருள்ல வேண்டாதது எதையும் கலக்காதா, கழட்டி கழுவ முடியுமா, எல்லாத்துக்கும் மேல வால்வ மூடுனப்பறமும் திறந்தப்பறமும் எவ்வளவு உள்ள தங்குது. இந்த கடைசி கேள்விய மட்டும் புடிச்சுகிட்டா மத்ததெல்லாம் தானா வழிக்கு வந்துரும், நான் பட்ட ஒவ்வொரு அடியும் இதுல இருந்துதான் வந்துச்சு.

அந்த அரை இஞ்ச் எப்படி வந்துச்சுன்னா, மொத சீசனுக்கு நான் வெல்டிங் இல்லாத பிட்டிங் வாங்கி போட்டிருந்தேன். பான் சுவத்துல ஓட்ட போட்டு உள்பக்கம் ஒரு நட்டு, வெளிய சிலிக்கான் வாஷர், அதுக்கு மேல வால்வு, பீர் காய்ச்சறவங்க அண்டாவுக்கு போடறது. அண்டா ரெண்டடி ஆழம், அதுல அடில கொஞ்சம் நின்னா யாருக்கும் தெரியாது. நம்மளது தட்டையான பான். அந்த நட்டும் வாஷரும் ஒன்றரை இஞ்சுக்கு மேல அகலம், அது சுவத்துல சப்பையா ஒக்காரணும்னா ஓட்டையோட மையம் தரைல இருந்து முக்கால் இஞ்சுக்கு மேல, மூலைல தகடு வளையற இடத்தையும் விட்டுத் தள்ளினா இன்னும் மேல. முக்கால் இஞ்ச் துவாரம்னா மையத்துல இருந்து கீழ்விளிம்பு வரைக்கும் முக்கா இஞ்சுல பாதி. கழிச்சா மிச்சம் அரை இஞ்ச். வரைஞ்சு பாத்திருந்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, அடுப்பு சூட்டுல தகடு லேசா நெளியும், நெளிஞ்சா வாஷர் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளரும். சிலிக்கான் 200 டிகிரி வரைக்கும் தாங்கும், உள்ள சாறு இருக்கற வரை அந்த இடம் 104ஐ தாண்டாது, ஆனா வெளிய தீ நாக்கு நக்குச்சுன்னா தாங்காது. எனக்கு ரெண்டாவது வாரமே ஒழுக ஆரம்பிச்சுது.

அதனால அடுத்த வருசம் வெல்டிங். பக்கத்து ஊர்ல எவர்சில்வர் வேலை செய்யற வெல்டர்கிட்ட பான தூக்கிட்டு போனேன், நம்ம ஊர்ல ஆர்கான் வெல்டிங்னு சொல்றோமே அது. அரை கப்ளிங், அதாவது ஒரு பக்கம் மட்டும் மரை உள்ள கட்டையான துண்டு, 304 ரக எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், அத பான் தரையோட ஒட்டுற மாதிரி எவ்வளவு கீழ வைக்க முடியுமோ அவ்வளவு கீழ வைக்கச் சொன்னேன். இப்ப கால் இஞ்சுக்கும் கம்மியாதான் நிக்குது, அடுப்பு அணைஞ்சப்பறம் பானோட மறுபக்கம் ஒரு கட்டைய செருகி சாய்ச்சா அதுவும் வந்துருது.

அந்த வெல்டர் ஒண்ணு கேட்டாரு, உள்பக்கமும் ஆர்கான் காட்டவான்னு. எனக்கு புரியல. தகட்டுக்கு வெளிய வெல்ட் பண்ணும்போது பின்பக்கம் காத்து பட்டா அந்த இடம் கருத்து சொரசொரன்னு பொரிஞ்சு போயிரும், சர்க்கரை ஒட்டிகிட்ட மாதிரி இருக்கறதால அவங்க தொழில்ல அதுக்குப் பேரே சுகரிங். பாகு பான்ல அது வந்தா அவ்வளவுதான், அந்த பொரிவுக்குள்ள சாறு போயி ஒக்காந்துக்கும், எத்தனை தேய்ச்சாலும் வராது. பின்பக்கமும் ஆர்கான் ஓட்டி பண்ணிக் குடுத்தாரு, உள்ள கைய வெச்சு தடவினா வழுவழுன்னு இருந்துச்சு. வெல்டிங்குக்கு குடுக்கறவங்க இத கண்டிப்பா கேளுங்க. மெல்லிசு தகடுன்னா ஓட்டை விழற அபாயமும் இருக்கு, எஸ்.எஸ். பழகின ஆள்கிட்ட மட்டும் குடுங்க.

பொடி வெச்சு பத்தவெக்கறத, அதாவது சால்டரிங்க பத்தியும் சொல்லணும். பழைய பான்கள்ல மூலையெல்லாம் ஈயப்பொடிதான், அந்த மாதிரி பான் சந்தைல சல்லிசா கிடைச்சாலும் தொடாதீங்க. இப்ப வர்ற ஈயமில்லாத பொடி பரவால்ல, ஆனா அது 230, 240 டிகிரி பக்கம் உருகிரும். பான்ல சாறு இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, ஒரே ஒரு தடவை பான் வத்திப்போச்சுன்னா பிட்டிங் கையோட வந்துரும், கொதிக்கிற பாகு அடுப்பு மேல கொட்டும்.

இப்ப பித்தளைக்கு வர்றேன். பிளம்பிங் கடைக்கு போனா முன்னாடி வரிசைல இருக்கறது பித்தளை பால் வால்வுதான், உள்ள ஒரு உருண்டை திரும்பி திறந்து மூடற ரகம், விலையும் கம்மி, நானும் மொதல்ல சாறு தொட்டிக்கு அதைத்தான் போட்டேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்காரு, நாப்பது வருசமா அதே வேலை. போன்ல காட்டினேன். "மாப்ள, இது திங்கற சாமானுக்கா? பித்தளைல ஈயம் கலந்திருந்தாத்தான்டா லேத்துல பொலபொலன்னு வெட்டும், அதுக்குன்னே கலப்பாங்க. இத கழட்டிரு"ன்னாரு. அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி, லேத்துல கடையற சாதா பித்தளைல 3 சதவீதம் வரைக்கும் ஈயம் இருக்கும். அமெரிக்காவுல 2014 ஜனவரில இருந்து குடிதண்ணி படுற பிட்டிங்ல 0.25 சதவீதத்துக்கு மேல ஈயம் இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அந்த மாதிரி ஈயமில்லாததுன்னு முத்திரை போட்ட பித்தளையும் கடைல கிடைக்குது. ஆனா ஒண்ண யோசிச்சு பாருங்க, குடிதண்ணிய நாம அப்படியே குடிக்கறோம், சாற நாப்பதுல ஒண்ணா சுண்டக் காய்ச்சறோம். சாறுல துளி ஈயம் எறங்கினாலும் அது ஆவில போகாது, பாகுலயேதான் நிக்கும், நாப்பது மடங்கா. எங்க வீட்ல ரெண்டு சின்னக் குழந்தைங்க தோசைக்கு இத ஊத்தி சாப்பிடுதுங்க. அன்னிக்கே கழட்டிட்டேன், இப்ப எங்கயும் பித்தளை இல்ல. ஜி.ஐ. பிட்டிங்கும் வேண்டாம், துத்தநாகப் பூச்சு எறங்கும். பிவிசி 60 டிகிரிலயே இளகும், சுடுதண்ணிக்குன்னு வர்ற சிபிவிசி கூட 93 வரைக்கும்தான், கொதிக்கிற சாறு பக்கம் கொண்டே போகக்கூடாது. எஸ்.எஸ். மட்டும்தான், 304 போதும், வால்வு உடம்புல சி.எஃப்.8.எம்.னு இருந்தா அது 316 ரகம், அது இன்னும் நல்லது, ஆனா அதுக்காக அலைய வேண்டியதில்ல.

மாமா அதோட விடல. அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் பெட்டில முக்கால் இஞ்ச் எஸ்.எஸ். பால் வால்வு ஒண்ணு குடுத்தனுப்பினாரு, த்ரீ பீஸ், அதாவது மூணு துண்டா கழட்டறது, கைல எடுத்தா கும்முனு கனம், லிவர திருப்பினா வெண்ணெய்ல கத்தி போற மாதிரி. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோசத்த சொல்ல முடியாது. நிப்பிள்ல, அதாவது ரெண்டு பக்கமும் மரை உள்ள குட்டைக் குழாய்ல, மாட்டினேன், கையால மூணு சுத்து ஏறுச்சு, அப்புறம் பிடிச்சுது, தெஃப்லான் டேப் சுத்தி ஸ்பேனர் போட்டு முறுக்கினேன், தண்ணி ஊத்தி பாத்தேன், ஒழுகல. மறுநாள் கொதி வந்ததும் மரை ஓரத்துல சின்னதா முத்து முத்தா கசிய ஆரம்பிச்சுது. அது வெளிய வந்த ஒடனே காஞ்சு கருகி பழுப்பு கலர்ல கெட்டியாச்சு. இன்னும் கொஞ்சம் முறுக்கலாம்னு ஸ்பேனர எடுத்துட்டே வீடியோ கால் போட்டேன். "நிறுத்து நிறுத்து, முறுக்காத"ன்னு கத்தினாரு. "நிப்பிள் அங்க வாங்குனதா? தப்பு என்னுதுடா மாப்ள, நான் அனுப்புனது பி.எஸ்.பி. மரை, உங்க ஊர்ல என்.பி.டி.ல்ல ஓடும்."

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம ஊர்ல பைப் மரை பி.எஸ்.பி., வட அமெரிக்காவுல என்.பி.டி. ஒரு இஞ்ச் சைஸ்ல பல்லு எண்ணிக்கையே வேற, அதனால ரெண்டாவது சுத்துலயே சண்டை போடும், ஒடனே தெரிஞ்சுரும். அரை இஞ்ச்லயும் முக்கால் இஞ்ச்லயும் மட்டும் ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 பல்லு, அதனால சாதுவா ஏறும். ஆனா பல்லோட கோணம் ஒண்ணுக்கு 55 டிகிரி, இன்னொண்ணுக்கு 60. பல்லும் பல்லும் முழுசா கவ்வாது, நடுவுல சுருள் சுருளா ஒரு சந்து போயிட்டே இருக்கும், டேப்பு அத கொஞ்ச நேரம் அடைக்கும், கொதிக்கிற சாறு பச்சத்தண்ணியவிட லேசா ஓடும், வழி கண்டுபிடிச்சுரும். இணையத்துல சல்லிசா விக்கற எஸ்.எஸ். வால்வுகள்லயும் நெறைய பி.எஸ்.பி.தான், விவரத்துல சின்ன எழுத்துல இருக்கும், இல்ல இருக்கவே இருக்காது. வாங்கறதுக்கு முன்னாடி இத கேளுங்க. அப்புறம், முக்கால் இஞ்ச் பைப்புங்கறதோட வெளிவிட்டம் ஒரு இஞ்சுக்கும் மேல, 26.7 மில்லிமீட்டர், அரை இஞ்ச் பைப்போடது 21.3, அளவுகோல் வெச்சு ஓட்டை போடறவங்க இத மனசுல வெச்சுக்கோங்க.

எஸ்.எஸ். மரைக்கு எஸ்.எஸ். மரை வெறுமனே போட்டு முறுக்கக் கூடாது, உரசல்ல ஒண்ணோட ஒண்ணு கடிச்சு ஒட்டிக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். தெஃப்லான் டேப் மூணு சுத்து, மரை போற திசைலயே சுத்தி, மெதுவா ஏத்துங்க.

பால் வால்வுல ஏன் த்ரீ பீஸ்? இதுதான் நான் இந்த கட்டுரைய எழுதவே காரணம். சாதா பால் வால்வுல நடுவுல துளை போட்ட ஒரு உருண்டை, ரெண்டு பக்கம் வெள்ளை தெஃப்லான் சீட்டு, அதாவது உருண்டை ஒக்காரற வளையம். மூடும்போது உருண்டையோட துளைக்குள்ள இருக்கறது அப்படியே மாட்டிக்கும், உருண்டைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற சந்துலயும் தங்கும். ஒன் பீஸ், டூ பீஸ் வால்வுகள சுலபமா கழட்டி கழுவ வழியில்ல. சாறுல கால்சியம் மாலேட்னு ஒரு உப்பு இருக்கு, சுண்ட சுண்ட அது பொடி மணலா அடில படியும், இங்க சர்க்கரை மணல்னே சொல்றாங்க. அது வால்வுக்குள்ள போயி சீட்ட அறுக்கும், லிவர் கரகரன்னு திரும்பும். மூடி வெச்ச சாறு ரெண்டு நாள் வெயில் அடிச்சா புளிச்சுப்போகும், அடுத்த தடவை திறந்தா அதுதான் மொதல்ல நல்ல பாகுல விழும். த்ரீ பீஸ்ல நாலு போல்ட்ட லூஸ் பண்ணா நடு உடம்பு தனியா கழண்டு வந்துரும், பைப்ப தொட வேண்டியதில்ல. சீசன் முடிஞ்சு நான் கழட்டினப்ப உருண்டைக்குப் பின்னாடி ரெண்டு டீஸ்பூன் இருக்கும், சாம்பல் நிறத்துல ஈரமணல் மாதிரி. சூடான வினிகர்ல ராத்திரி போட்டு வெச்சா விட்டுருது. பிளீச்சிங் மட்டும் போடாதீங்க, குளோரின் பட்டா எஸ்.எஸ். புள்ளி புள்ளியா அரிக்கும்.

துளை முழு அளவு இருக்கற வால்வா பாருங்க, ஃபுல் போர்ட்டுன்னு கேட்டா குடுப்பாங்க. மத்ததுல துளை ஒரு சைஸ் சின்னது, மணல் அங்கதான் சேரும். பாகு பதம் தாண்டறதுக்கு ஒரு நிமிசம் கூட ஆகாது, அப்ப வால்வு மெதுவா விட்டா பொறுக்காது.

காசு இருந்தா ட்ரை கிளாம்ப் போடலாம், பால் பண்ணைல போடற மாதிரி ஒரு கவ்வி, நடுவுல சிலிக்கான் வளையம், மரையே இல்ல, கையால கழட்டலாம். அதுதான் இருக்கறதுலயே சுத்தமானது, இன்னிக்கு புதுசா ஆரம்பிச்சா நான் அதைத்தான் வெல்ட் பண்ணச் சொல்வேன்.

நிப்பிள் நீளமும் முக்கியம். ரொம்ப குட்டைன்னா லிவர் அடுப்பு மேலயே வந்துரும், கை வேகும். ரொம்ப நீளம்னா அந்தக் குழாய்க்குள்ள நிக்கற சாறு கொதில சேராது, பான்ல பதம் வந்திருக்கும், குழாய்ல இன்னும் தண்ணியாவே இருக்கும். ரெண்டு இஞ்ச் நிப்பிள் எனக்கு சரியா இருக்கு. அப்பவும் வால்வ திறந்ததும் மொத ஒரு குவளைய புடிச்சு திரும்ப பானுக்குள்ளயே ஊத்திருவேன், பக்கத்து தோட்டத்து பெரியவர் கத்துக்குடுத்தது. தெர்மாமீட்டருக்கு தனியா அரை இஞ்ச் கப்ளிங் வெச்சா அதையும் கீழயே வையுங்க, காம்பு பாகுல முழுசா முங்கலைன்னா ஆவியோட சூட்டதான் காட்டும். காத்தழுத்தத்துக்கு தக்க தண்ணி கொதிக்கற சூடே தினம் மாறும், காலைல தண்ணிய கொதிக்க வெச்சு பாத்துட்டு அதுக்கு மேல 4 டிகிரின்னு கணக்கு வெச்சுக்கறதுதான் சரி.

இனி சாறு உள்ள வர்ற பக்கம். என் பான் மணிக்கு சுமார் 22 லிட்டர் ஆவியாக்குது, அப்ப நிமிசத்துக்கு ஒரு சீரா சுமார் 370 மில்லி உள்ள போயிட்டே இருக்கணும். ஜாஸ்தியா போனா பச்சை சாறு கொதிய அடக்கிரும், கம்மியா போனா பான் வத்தும். இதுக்கு பால் வால்வு சரிப்படாது, லிவர ஒரு முடி திருப்பினா ஆறா ஓடும், இன்னொரு முடி திருப்பினா நின்னுரும். எஸ்.எஸ். நீடில் வால்வு போட்டேன், திருகு திருகா நுணுக்கமா வைக்கலாம். அதோட வழி ரொம்ப சின்னது, மரப்பட்டைத் தூள் ஒண்ணு வந்தாலும் அடைச்சுக்கும், அதனால முன்னாடி ஒரு வலை வடிகட்டி கட்டாயம்.

தொட்டிக்கு கீழ மட்டும் நிறுத்தறதுக்கு ஒரு பால் வால்வு இருக்கு. மொத சீசன்ல அந்த பித்தளை வால்வு இருந்துச்சுல்ல, அத மாமா பேச்ச கேட்டு கழட்டறதுக்கு முந்தின வாரம், ராத்திரி வேலை முடிச்சு தொட்டிய காலி பண்ணி, வால்வ நல்லா இறுக்கி மூடிட்டு படுக்கப் போயிட்டேன். அன்னிக்கு மைனஸ் 12. காலைல 60 லிட்டர் சாற ஊத்திட்டு திரும்பினா கால்கிட்ட சளசளன்னு சத்தம். தொட்டி காலிதான், உருண்டைக்குள்ள மாட்டின அந்த ஒரு மடக்கு சாறு உறைஞ்சு விரிஞ்சு வால்வு உடம்ப முடி கணக்கா பிளந்துருச்சு. சாறு ஓடணும்னா ராத்திரி உறையணும், அப்ப ராத்திரி வால்வுக்குள்ள எதுவும் தங்கக்கூடாது. மூடியும் வைக்கக்கூடாது, முழுசா திறந்தும் வைக்கக்கூடாது, முழுசா திறந்தாலும் உருண்டைக்கு வெளிய இருக்கற சந்துல தண்ணி நிக்கும். லிவர் 45 டிகிரில சாய்வா இருந்தாத்தான் உள்ளயும் வெளியவும் வழி கிடைச்சு எல்லாம் வடியும்.

மாமாவோட வால்வ நான் தூக்கிப் போடல. அடாப்டர் ஒண்ணு வாங்கி மாட்டலாம்னு பாத்தேன், அது இன்னொரு ரெண்டு இஞ்ச் குழாய், இன்னொரு மரை, இன்னும் கொஞ்சம் சாறு தங்கற இடம். அவரே ஒரு வழி சொன்னாரு. த்ரீ பீஸ்தானே, நடு உடம்பு அப்படியே இருக்கட்டும், ரெண்டு ஓரத்துத் துண்ட மட்டும் மாத்தினா போதும்னு, அதே வால்வு செய்யறவங்ககிட்ட வெளிநாட்டுக்கு அனுப்பற என்.பி.டி. மரை போட்ட ஓரத்துண்டு ரெண்டு வாங்கி, வர்றவங்க பெட்டில ஊறுகாய் பாட்டிலோட சேத்து குடுத்தனுப்பினாரு. போன சீசன் பூரா ஒரு சொட்டு கசியல. ராத்திரி அடுப்பு அணைஞ்சு பான கழுவி வடிச்சப்பறம் டார்ச் அடிச்சு ரெண்டு வால்வையும் பாத்துட்டுத்தான் கதவ சாத்தறேன், லிவர் ரெண்டும் சாய்வா நிக்குதான்னு.